தொகுதி மறுவரையறை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள்

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை வாசகர் வட்டம் கூடும். 2025 தொடக்கத்தில் ஒரு கூட்டத்தில் தொகுதி மறுவரையறை பற்றி அரை மணி நேரம் பேசினேன். அன்றிலிருந்து டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் அதே கேள்விகள்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் வாய் மிச்சம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். தொகுத்தது 2025 இறுதியில். சட்டம் அதன் பிறகு மாறியிருந்தால் அந்த இடங்களை மட்டும் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மறுவரையறைன்னா எல்லையை மாத்துறதா, எண்ணிக்கையை மாத்துறதா?

இரண்டும்தான். பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. எந்த மாநிலத்துக்கு எத்தனை மக்களவைத் தொகுதி என்று பங்கு பிரிப்பது ஒரு வேலை. பிரித்துக் கொடுத்ததை மாநிலத்துக்குள் எங்கே கோடு போட்டு வெட்டுவது என்பது இன்னொரு வேலை.

இரண்டாவது வேலை நம் கண்ணெதிரே நடந்ததுதான். 2001 கணக்கெடுப்பை வைத்து எல்லைகளைத் திருத்தி, 2009 தேர்தலில் புதிய வரைபடத்துக்கு மாறினோம். சிவகாசி போய் விருதுநகர் வந்தது, நாகர்கோவில் போய் கன்னியாகுமரி வந்தது, திருச்செந்தூர் போய் தூத்துக்குடி வந்தது. ஆனால் தமிழ்நாட்டின் 39 அப்படியே நின்றது. இப்போதைய சண்டை முதல் வேலையைப் பற்றியது. கீழே நான் மறுவரையறை என்று சொல்லும்போது பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறேன்.

இத்தனை வருஷமா எதுக்கு 1971 கணக்குலயே நிக்குது?

அரசியலமைப்பின் 82-வது பிரிவு, ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் தொகுதிகளை மறுபடி பங்கிடச் சொல்கிறது. முதலில் அப்படித்தான் நடந்தது. 1962 தேர்தலில் நம் மாநிலத்துக்கு 41 தொகுதிகள். 1961 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகையில் நம் பங்கு குறைந்ததால் 1967-ல் 39 ஆனது. (அந்த இரண்டு தொகுதி இழப்புக்கு 5,600 கோடி ரூபாய் இழப்பீடு ஏன் தரக்கூடாது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது.)

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், 42-வது திருத்தம் இந்தப் பங்கீட்டை 1971 கணக்கில் உறைய வைத்தது. பிள்ளைப்பேற்றைக் குறைக்கும் மாநிலம் அதனாலேயே தொகுதியை இழந்துவிடக் கூடாது என்பது காரணம். அதே ஆண்டின் மக்கள்தொகைக் கொள்கை அறிக்கையிலும் இது இருக்கிறது. 1976-77-ல் மட்டும் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. வற்புறுத்தலின் கொடுமையை அதிகம் அனுபவித்தவை வட மாநிலங்கள். 'தெற்கு கட்டுப்படுத்தியது, வடக்கு கண்டுகொள்ளவில்லை' என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 2001-ல் உறைவு முடிய வேண்டிய நேரத்தில் 84-வது திருத்தம் அதை நீட்டித்தது.

அப்போ 2026 வந்ததும் தானா முடிஞ்சிடுமா?

காலண்டர் மாறியதும் முடிந்துவிடாது. '2026-ஆம் ஆண்டுக்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும் வரை' என்பதுதான் வாசகம். 2021-ல் கணக்கெடுப்பு ஒழுங்காக நடந்திருந்தால் அடுத்தது 2031-ல்தான் வந்திருக்கும், இந்தப் பேச்சும் அதுவரை தள்ளிப் போயிருக்கும். கொரோனாவில் தொடங்கிய தாமதம் ஆண்டுக்கணக்கில் நீண்டு, இப்போது 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக அறிவித்திருக்கிறார்கள். அது 2026-க்குப் பிறகு வரும் கணக்கெடுப்பு என்பதால் பூட்டைத் திறக்கும் சாவியாகிவிட்டது.

தமிழ்நாட்டுக்கு எத்தனை சீட் போகும்? ஒருத்தர் எட்டுங்கிறார், ஒருத்தர் ஒண்ணும் போகாதுங்கிறார்.

இருவரும் வெவ்வேறு கணக்கைச் சொல்கிறார்கள். கையில் இருக்கும் 2011 எண்களை வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். நாட்டின் மக்கள்தொகை 121 கோடி, தமிழ்நாடு 7.21 கோடி, அதாவது கிட்டத்தட்ட 6 சதவீதம். மக்களவையின் மொத்த இடங்களான 543-ல் 6 சதவீதம் 32, 33 வரும். இதே கணக்கில் உத்தரப் பிரதேசம் 80-லிருந்து 90-ஐத் தொடும், பீகார் 40-லிருந்து 47-க்குப் போகும், கேரளம் 20-லிருந்து 15-க்கு இறங்கும்.

எட்டு என்பது 2019-ல் அரசியல் அறிஞர் மிலன் வைஷ்ணவும் ஜேமி ஹின்ட்சனும் 2026-க்கு மதிப்பிட்ட மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. மக்களவை 543 இடங்களாகவே இருந்தால் தமிழ்நாட்டுக்கு 31 என்றார்கள். எந்த மாநிலமும் இப்போதிருக்கும் எண்ணிக்கையில் ஒன்றைக்கூட இழக்கக் கூடாது என்றால் மக்களவை 848 இடங்களாக விரிய வேண்டும் என்றும் கணக்கிட்டார்கள். அப்போது தமிழ்நாட்டுக்கு 49, உத்தரப் பிரதேசத்துக்கு 143, கேரளத்துக்கு அதே 20. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மக்களவைக்கு 888 இருக்கைகள் போட்டிருப்பதைப் பார்த்தவர்கள் இந்த எண்ணோடு முடிச்சுப் போடுவதில் ஆச்சரியமில்லை.

39 போய் 49 ஆகுதுன்னா சந்தோஷம்தானே? அப்புறம் எதுக்குச் சண்டை?

அவையில் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை, பங்குக்குத்தான் மதிப்பு. இன்று 543-ல் 39 என்பது 7.2 சதவீதம். 848-ல் அதே பங்கு வேண்டுமென்றால் 61 இடங்கள் வேண்டும். 49 என்றால் கூடியதுபோலத் தெரிந்தாலும் 12 குறைவு. இன்று உத்தரப் பிரதேசம் நம்மைப்போல் இரண்டு மடங்கு. அந்தக் கணக்கில் மூன்று மடங்கை நெருங்கிவிடும்.

2025 பிப்ரவரியில் கோவைக்கு வந்த உள்துறை அமைச்சர் அமித் ஷா, விகிதாசார அடிப்படையில் தென் மாநிலங்களுக்கு ஒரு தொகுதிகூடக் குறையாது என்றார். எதற்கு விகிதமாக என்பதில்தான் சூட்சுமம். இப்போதுள்ள இடங்களின் விகிதமா, மக்கள்தொகையின் விகிதமா? முதலாவது என்றால் 61, இரண்டாவது என்றால் 49. இரண்டிலும் 'ஒன்றுகூடக் குறையவில்லை' என்று சொல்லிவிடலாம்.

பீகார்காரனுக்கு ஒரு ஓட்டு, நமக்கு ஒன்றரை ஓட்டா? நேர்மையா சொல்லுங்க, இது நியாயமா?

இதைக் கேட்டவர் பிளஸ் டூ படிக்கும் பெண். பெரியவர்கள் யாரும் இதைக் கேட்கவே இல்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன். 2011 கணக்கில் ஒரு எம்.பி.க்கு எத்தனை பேர் என்று பார்த்தால் தமிழ்நாட்டில் 18.5 லட்சம், பீகாரில் 26 லட்சம், ராஜஸ்தானில் 27 லட்சத்துக்கும் மேல். மத்தியப் பிரதேசத்தின் மக்கள்தொகை நம்மைவிட ஒரு கைப்பிடி அதிகம், 7.26 கோடி. அவர்களுக்கு 29 எம்.பி.க்கள், நமக்கு 39. நியாயம் என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது.

தேர்தல் முறைகளை ஆராய்பவர்கள் இதைப் பிரதிநிதித்துவக் கோணல் என்று பார்க்கிறார்கள். 81-வது பிரிவே, முடிந்த மட்டும் எல்லா மாநிலங்களுக்கும் ஒரே விகிதம் இருக்க வேண்டும் என்கிறது. உறைவு என்பது அதற்கு விலக்குதான், விதி அல்ல. ஆனால் அதே பிரிவு 60 லட்சத்துக்கு மேற்படாத மாநிலங்களை இந்த விகிதத்திலிருந்து விடுவிக்கிறது. சுமார் 64,000 பேர் கொண்ட லட்சத்தீவுக்கும் ஒரு எம்.பி. உண்டு, அதை யாரும் அநியாயம் என்பதில்லை. ஆக, தலைக்கு ஒரு ஓட்டு என்ற கொள்கையோடு மாநிலத்துக்கு ஒரு குரல் என்ற கொள்கையையும் நம் அரசியலமைப்பு முதலிலிருந்தே கலந்துதான் வைத்திருக்கிறது. கலவை எந்த அளவில் என்பதுதான் தகராறு.

குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா செஞ்சதுக்கு நமக்குத் தண்டனையா?

மேடையில் அதிகம் கைதட்டல் வாங்கும் வாதம் இது. கல்விப்புலத்தில் அவ்வளவு எளிதாகச் செல்லுபடியாகாது. டிம் டைசன் போன்ற மக்கள்தொகையியலாளர்கள் பிறப்பு விகிதச் சரிவின் வேரைக் குழந்தை இறப்புக் குறைந்ததில் தேடுகிறார்கள். பிறந்தது பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் வீடுகளில் எண்ணிக்கை குறையும். அதோடு பெண் படிப்பு, தள்ளிப் போகும் திருமண வயது, பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். தமிழ்நாட்டில் இன்னொன்றும் உண்டு. பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் 1930-களிலேயே எழுதிக்கொண்டிருந்தார். நாட்டின் ஜனத்தொகையைக் குறைப்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை.

ஆக, சின்னக் குடும்பம் என்பது டெல்லி சொன்னதால் நாம் செய்த தியாகம் இல்லை. நம் பெண்களுக்குக் கிடைத்த நன்மை அது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் என்பது பதிலீட்டு அளவு, அதாவது ஒரு தலைமுறை தன் இடத்தை மட்டும் நிரப்பும் அளவு. கேரளம் 1988-லும் தமிழ்நாடு 2000-ஐ ஒட்டியும் அதைத் தொட்டன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் இரண்டும் 1.8. அதே ஆய்வில் பீகார் 3.0, உத்தரப் பிரதேசம் 2.4. 1990-களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசம் 5-ஐ ஒட்டி இருந்தது. அவர்களும் நாம் இறங்கிய படியில்தான் இறங்குகிறார்கள், பின்னால் கிளம்பியதால் பின்னால் இருக்கிறார்கள். அங்கே ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு நர்ஸ் கிடைக்காமல் போனதற்கு அவள் ஓட்டின் மதிப்பைக் குறைப்பது என்ன நீதி என்று வடக்கிலிருந்து ஒருவர் கேட்டால், 'தண்டனை' வாதத்தில் பதில் இல்லை.

ஒன்று மட்டும் நிற்கும். பிள்ளைப்பேற்றைக் குறைத்தால் இடம் போகாது என்று 1976-ல் அரசே எழுத்தில் வாக்குக் கொடுத்தது, 2001-ல் புதுப்பித்தது. வாக்குத் தவறுவது பற்றிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

அப்போ நம்ம பக்கம் நியாயமே இல்லேங்கிறீங்களா?

இருக்கிறது. ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டாட்சிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த ஆல்ஃபிரட் ஸ்டெபன் இரண்டு வகை சொன்னார். தனித்தனியாக இருந்தவை ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தவை ஒரு வகை, அமெரிக்கா மாதிரி. பிரிந்து போய்விடாமல் சேர்த்து வைப்பதற்காகவே அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டவை இன்னொரு வகை. இந்தியா இரண்டாவது. பின்னர் யுவான் லின்ஸ், யோகேந்திர யாதவ் ஆகியோருடன் சேர்ந்து, ஒரே தேசிய அடையாளத்தைத் திணிக்காமல் பல அடையாளங்களுக்கு இடம் கொடுத்த நாடு என்று இந்தியாவை விளக்கினார். அதற்கு அவர்கள் எடுத்த முக்கிய உதாரணம் தமிழ்நாடு. பிரிவினை பேசிய அரசியல், மொழிக்கும் மாநிலத்துக்கும் இடம் கிடைத்ததும் இந்தியாவுக்குள்ளேயே நிலைகொண்டது. எதிர் உதாரணமாக அவர்கள் வைத்தது இலங்கையை.

இந்தக் கண்ணோட்டத்தில், மக்களவையில் ஒரு மொழிப் பகுதியின் எடை என்பது வெறும் தலை எண்ணிக்கை அல்ல, சேர்ந்து வாழ்வதற்கான ஏற்பாட்டின் பகுதி. இந்தி பேசும் மாநிலங்களின் ஆதரவை மட்டும் வைத்து ஆட்சி அமைக்கலாம் என்ற நிலை வந்தால், தெற்கோ வங்காளமோ என்ன நினைக்கிறது என்று கேட்கவே அவசியமிருக்காது. மாநிலங்களின் இப்போதைய பங்கை நிரந்தரமாக்கிவிட வேண்டும் என்று யாதவ் வாதிடுவது இதனால்தான். எனக்கும் தண்டனை வாதத்தைவிட இதுதான் வலுவாகப் படுகிறது. இதைச் சொல்ல யாரையும் பொறுப்பில்லாதவர் என்று திட்ட வேண்டியதில்லை.

மாநிலங்களுக்குன்னுதான் ராஜ்யசபா இருக்கே?

பெயர்தான் மாநிலங்களவை. அங்கேயும் இடங்கள் பெரும்பாலும் மக்கள்தொகைப்படிதான்: உத்தரப் பிரதேசத்துக்கு 31, நமக்கு 18. அமெரிக்க செனட்டில் 4 கோடிக்குப் பக்கத்தில் மக்கள் உள்ள கலிபோர்னியாவுக்கும் 6 லட்சத்தைத் தொடாத வயோமிங்குக்கும் ஆளுக்கு இரண்டு. அந்தமாதிரி சமன் இங்கே கிடையாது. 2003-க்குப் பிறகு உறுப்பினர் அந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் போய்விட்டது. 2006-ல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. மக்களவையை முழுக்கத் தலை எண்ணிக்கைக்கு விட்டுவிட்டு, மாநிலங்களவையை உண்மையிலேயே மாநிலங்களின் அவையாக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பேரமாக நல்ல யோசனை. பண மசோதாவில் மாநிலங்களவைக்குப் பிடி இல்லை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

வேற நாட்டுல இதை எப்படிச் சமாளிக்கிறாங்க?

ஐரோப்பிய நாடாளுமன்றம் குறைந்து செல்லும் விகிதத்தைப் பின்பற்றுகிறது. எந்த நாட்டுக்கும் 6-க்குக் குறையாது, 96-க்கு மேல் போகாது. ஜெர்மனியில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஓர் உறுப்பினர், மால்டாவில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. 2011-ல் கேம்பிரிட்ஜில் கூடிய கணிதவியலாளர்கள் இதற்கு ஒரு சூத்திரமும் கொடுத்தார்கள்: முதலில் எல்லோருக்கும் சம அளவில் ஐந்து இடம், மீதியை மக்கள்தொகைப்படி பிரி. நம் ஊர்ப் பந்தியில் எல்லா இலையிலும் முதல் கரண்டி சமமாக வைத்துவிட்டு அப்புறம் பசிக்கேற்பப் போடுவதுபோல. கனடாவில் 1985 சட்டம், மாகாணங்களின் இடங்கள் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு தரை போட்டது. 2022-ல் கியூபெக் 78-லிருந்து 77 ஆகவிருந்தபோது அதைத் தடுக்கச் சட்டத்தையே திருத்தினார்கள். ஒரே ஓர் இடத்துக்காக.

மறுபக்கமும் உண்டு. பிரேசிலில் மாநிலத்துக்குக் குறைந்தது 8, அதிகபட்சம் 70 என்று கட்டியதால் சாவோ பாலோ மக்களின் ஓட்டு எடை இழந்து கிடக்கிறது. இப்படிப்பட்ட கோணல்கள் ஆட்சியின் போக்கையே சாய்த்துவிடும் என்று எச்சரித்து டேவிட் சாமுவேல்ஸும் ரிச்சர்ட் ஸ்னைடரும் 2001-ல் எழுதினார்கள்.

தமிழர்களுக்கு நெருக்கமான பாடம் இலங்கையில் இருக்கிறது. சுதந்திரத்தை ஒட்டி அங்கே வந்த சோல்பரி அரசியலமைப்பு 75,000 பேருக்கு ஓர் இடம் என்பதோடு, ஆயிரம் சதுர மைலுக்கும் ஓர் இடம் கொடுத்தது. ஆள் குறைந்து நிலம் பரந்த பகுதிகளில் வாழும் சிறுபான்மையினருக்கு உதவும் என்பது எண்ணம். பாதி இடங்கள் சிறுபான்மையினருக்கு வேண்டும் என்ற தமிழ்த் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலத்தின் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கைக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். பிறகு 1948 குடியுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து மலையகத் தமிழர்கள் வாக்கை இழந்தார்கள். ஆனால் இடங்களைப் பங்கிடும்போது அவர்களின் தலைகளும் எண்ணப்பட்டன. அவர்கள் பேரால் கிடைத்த இடங்களுக்கு, அதே பகுதியின் கண்டிச் சிங்கள வாக்காளர்கள் ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். கணக்கில் இருப்பதும் குரலோடு இருப்பதும் ஒன்றல்ல.

திருப்பூர்ல, சென்னையில வேலை பாக்குற வடக்கத்திப் பசங்க எந்தக் கணக்குல வருவாங்க?

கணக்கெடுப்பில் வசிக்கும் இடத்தில் எண்ணப்படுவார்கள். அந்த அளவுக்குத் தமிழ்நாட்டின் பங்கு கூடும். ஆனால் பலருக்கு ஓட்டு சொந்த ஊரில்தான் இருக்கிறது. அதாவது அவர்கள் தலையால் நமக்கு இடம் கிடைக்கும், அதற்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது நாம். மேலே சொன்ன மலையகக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள், சட்டம் வேறு, அளவும் வேறு என்றாலும். அவர்களை இங்கே வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று கொதிப்பவர்கள் இதை யோசித்த மாதிரித் தெரியவில்லை.

848 பேர் உட்கார்ந்து என்ன பேசப் போறாங்க?

மக்கள்தொகையின் கனமூலத்தை ஒட்டியே நாடாளுமன்றங்களின் அளவு அமைகிறது என்று ரெய்ன் டாகபெரா 1970-களில் காட்டினார். 140 கோடிக்குக் கனமூலம் போட்டால் 1,120-ஐ ஒட்டி வரும். ஏழு கோடிப் பேர் உள்ள பிரிட்டனுக்கு 650 உறுப்பினர்கள் இருக்கும்போது நமக்கு 848 அதிகமில்லை. பேச நேரம் கிடைக்குமா என்பது நல்ல கேள்வி. ஆனால் 1985 கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா சொன்னபடிதான் ஓட்டு என்று ஆகிவிட்டதே, 543 பேராக இருக்கும்போது மட்டும் என்ன பேசிவிட்டார்கள்?

வரிப் பங்கும் இதுவும் ஒண்ணுதானே?

வேறு வேறு. மத்திய வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது நிதிக்குழு. 15-வது நிதிக்குழு 2011 மக்கள்தொகைக்கு மாறியபோது, பிறப்பைக் குறைத்த மாநிலங்களுக்காக 12.5 சதவீத எடையைத் தனியாக ஒதுக்கியது. அப்படி ஒரு ஈடு பணத்தில் சாத்தியமென்றால் பிரதிநிதித்துவத்திலும் யோசிக்கலாமே என்பதற்கு மட்டும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

பெண்கள் இடஒதுக்கீட்டை எதுக்கு இதோட கோத்து விட்டாங்க?

2023-ன் 106-வது திருத்தம், அதற்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பையும் மறுவரையறையையும் முடித்த பின்தான் மூன்றில் ஒரு பங்கு அமலாகும் என்கிறது. இப்போதுள்ள 543-லேயே ஒதுக்கியிருக்கலாம், தடையேதும் இல்லை. அவை பெரிதானால் ஆண் எம்.பி.க்கள் யாரும் தொகுதியை இழக்காமல் பெண்களுக்கு இடம் கொடுக்கலாம் என்ற கணக்கு இதில் இருக்கலாம் என்பது என் ஊகம். விளைவு என்னவென்றால், மறுவரையறையைத் தள்ளிப்போடக் கேட்பவர் பெண்களுக்கு எதிரானவர்போலத் தோன்றுவார்.

கோடு போடுறவங்க இஷ்டத்துக்குப் போட்டா கோர்ட்டுக்குப் போகலாமா?

329-வது பிரிவு கதவை மூடுகிறது, 1966-லேயே உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2024-ல் மட்டும், அப்பட்டமாகத் தன்னிச்சையான உத்தரவை நீதிமன்றம் பார்க்கலாம் என்று ஒரு சின்ன இடைவெளி விட்டது. கோடு போடும் மறுவரையறை ஆணையம் தலை எண்ணிக்கையை மட்டுமே பார்க்கும் என்றும் இல்லை. 2022-ல் ஜம்மு காஷ்மீர் சட்டமன்றத்துக்கு வரைந்தபோது, அதிக மக்கள் உள்ள காஷ்மீருக்கு ஓர் இடம் கூடியது, ஜம்முவுக்கு ஆறு. நிலப்பரப்பு, எல்லையோரம் என்று காரணங்கள் சொன்னார்கள். அங்கே செல்லுபடியான காரணங்கள் மாநிலங்களுக்கு இடையிலும் செல்லுபடியாகுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

தெற்கு எம்.பி.க்கள் எல்லாரும் சேர்ந்தா தடுத்துட முடியாதா?

எதைத் தடுப்பது என்று முதலில் பார்க்க வேண்டும். ஐந்து தென் மாநிலங்களுக்கு 129 எம்.பி.க்கள். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதால், முழு அவையில் 182 பேர் எதிர்த்தால் திருத்தம் விழும். பஞ்சாபின் 13, மேற்கு வங்கத்தின் 42 சேர்ந்தால் 184. 2025 மார்ச் 22-ல் மறுவரையறை பற்றிச் சென்னையில் நடந்த கூட்டத்துக்கு கேரள, தெலங்கானா, பஞ்சாப் முதல்வர்களும் கர்நாடகத் துணை முதல்வரும் வந்ததன் பின்னால் இந்தக் கூட்டல் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தை மாற்றும் திருத்தம் என்றால் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும் என்று 368-வது பிரிவு சொல்கிறது.

ஆனால் இந்தத் தடுப்புச் சக்தி அவையை 848 ஆக்கும் திருத்தத்துக்கு எதிராகத்தான் வேலை செய்யும். ஏனென்றால் 81-வது பிரிவின் உச்சவரம்பு 550 மட்டுமே. உறைவை நீட்டிக்கவும் அதே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அது நம்மிடம் இல்லை. யாரும் எந்தத் திருத்தமும் செய்யாமல் கைகட்டி உட்கார்ந்திருந்தால், புதிய கணக்கெடுப்பு வெளியானதும் மீதமிருப்பது சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு மறுவரையறைச் சட்டம்தான். அதில் வரும் எண் நான்காவது பதிலில் சொன்ன 31, 32-தான், 49 அல்ல. சென்னைக் கூட்டம் கேட்டது 25 ஆண்டு நீட்டிப்பு. அதைத் தரக்கூடிய கைகளில் பாதிக்கு மேல், நீட்டித்தால் கூடுதலாகக் கிடைக்கவிருக்கும் இடங்களை இழக்கும் மாநிலங்களில் இருக்கின்றன.